மூன்று சக்கர அதிதி

வாகனங்களுக்குள்ளும் அந்தஸ்து வித்தியாசம் உண்டு என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். நாலு சக்கர மோட்டார் ஒன்று வந்து நின்றால் ஹோட்டல் வாசற்காவலன் ஓடிவந்து கதவைத் திறக்கிறான். இரண்டு சக்கர மோட்டார் சைக்கிளில் உறுமிக்கொண்டு வரும் வாலிபனைத் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. மூன்று சக்கர வண்டிக்கு மாத்திரம் எந்தவிதமான மரியாதையும் கிடையாது. குழந்தைப் பருவத்தில் நாம் ஆசையோடு ஓட்டிய மூன்று சக்கரச் சைக்கிளை, இரண்டு சக்கரத்தில் ஏறத் தெரிந்துகொண்ட அன்றைக்கே பரண்மேல் தூக்கிப் போட்டுவிடுகிறோம். பெரியவர்களான பிறகு மூன்று சக்கரம் என்றால் ஆட்டோ. ஆட்டோ என்றால் பேரம். பேரம் என்றால் மனஸ்தாபம். அதோடு அந்த உறவு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு எளிய வாகனம் ஒன்று பெங்களூரிலிருந்து புறப்பட்டு லண்டன் மாநகரம் வரையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது 2016-ம் வருஷத்தில் நடந்த உண்மை விருத்தாந்தம். ஓட்டிச் சென்றவர் நவீன் ரபெல்லி என்பவர். இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற என்ஜினீயர். ஒரு நாள் நண்பர் ஒருவருடன் போக்குவரத்து நெரிசலில் அகப்பட்டுக்கொண்டபோது, சுற்றிலும் ஆட்டோக்கள் புகையைக் கக்கிக்கொண்டும் இரைந்துகொண்டும் நின்றனவாம். நம்மில் பலர் அந்த நிலையில் மூக்கைப் பொத்திக்கொள்வோம். சிலர் அரசாங்கத்தைத் திட்டுவோம். ரபெல்லியோ ஓர் ஆட்டோவை விலைக்கு வாங்கி, மின்சார மோட்டார் பொருத்தி, கூரையில் சூரிய ஒளித் தகடுகளைப் பதித்து, "தேஜஸ்" என்று அதற்கு நாமகரணமும் செய்துவிட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரி மாதம் பெங்களூரில் தொடங்கியது யாத்திரை. மும்பையிலிருந்து கப்பலேறி இரானில் இறங்கிய தேஜஸ், துருக்கி, பல்கேரியா, செர்பியா, ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு முதலிய தேசங்களைக் கடந்து செப்டம்பர் மாதம் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் போய் இறங்கிற்று. தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். காலம் ஏழு மாதம். ஆகாய விமானத்தில் பத்து மணி நேரத்தில் போய்விடலாமே என்று யாராவது கேட்கக்கூடும். போகலாம்தான். ஆனால் விமானத்தில் போகிறவர் பெங்களூரையும் லண்டனையும் மட்டுமே பார்க்கிறார். நடுவிலுள்ள உலகம் அவருக்கு மேகத்துக்குக் கீழே மறைந்து கிடக்கிறது.

அந்த வண்டிக்குள் இருந்த சாமான்களைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் என் மனத்தில் தைத்தது. படுக்க ஒரு கட்டில் இருந்தது. கூட வருகிறவருக்கு ஓர் ஆசனம் இருந்தது. சூரிய சக்தியால் சமைக்கும் அடுப்பு இருந்தது. இவற்றோடு, வழியில் ஜனங்கள் கொடுக்கும் ஆகாரப் பண்டங்களை வைப்பதற்கென்று ஓர் அலமாரியும் இருந்தது! பத்தாயிரம் கிலோமீட்டர் போகும் ஒருவர் தமக்கு வேண்டியவற்றையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போவது சகஜம். அந்நியர்கள் கொடுக்கப் போவதற்கும் வண்டியில் இடம் ஒதுக்கிவைத்தார் இந்த மனிதர். இடமோ சிறிது, அந்தச் சிறிய இடத்திலும் மனிதர்களின் நல்ல சுபாவத்துக்கென்று ஓர் அலமாரி! அந்த அலமாரி வெறுமையாய்ப் போகவில்லை. வண்டி நின்ற இடமெல்லாம், முக்கியமாக இரானில், ஜனங்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பெட்ரோல் வேண்டாம் என்று கேள்விப்பட்டு அதிசயித்தார்கள். உண்ண உணவும் தங்க இடமும் கொடுத்தவர்கள் பலர்.

இவ்வளவு பேர் ஏன் வந்து சூழ்ந்துகொள்ள வேண்டும்? புதுமை என்பது ஒரு காரணம். ஆனால் அதைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். (பள்ளிக்கூட வாத்தியாரிடம் அகப்பட்டுக்கொண்டால் சரித்திரத்திலிருந்து தப்ப முடியுமா?)

சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் மூன்று சக்கரத்துக்கு உள்ள பெருமை தெரிய வருகிறது. 1881-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றில் குஸ்தாவ் த்ரூவே என்ற நிபுணர், இங்கிலாந்தில் செய்த மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றில் சிறு மின்சார மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்தி ஓட்டிக் காட்டினார். மறு வருஷமே லண்டனில் அயர்ட்டன், பெர்ரி என்னும் இரண்டு பேராசிரியர்கள் மின்சார விளக்கும் வைத்த மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார்கள். ஆகவே, நேற்று முளைத்த அதிசயம் என்று நாம் நினைக்கும் மின்சார மூன்று சக்கர வண்டி, பெட்ரோல் மோட்டாருக்கு முன்பிறந்த தமக்கை என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்ரோல் மோட்டாரும் மூன்று சக்கரத்தோடுதான் பிறந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் செய்த முதல் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. அவர் வண்டியைச் செய்தாரே தவிர, அதை நம்பி யாரும் நெடுந்தூரம் போகவில்லை. 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அவருடைய மனைவி பெர்த்தா அம்மையார், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமலே, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மான்ஹைம் என்னும் ஊரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ப்போர்ட்ஸ்ஹைம் வரையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மோட்டார் வண்டியில் மனிதர் செய்த முதல் நெடும் பிரயாணம் அதுதான். தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை உலகத்தில் எத்தனையோ காரியங்களைச் சாதித்திருக்கிறது. மோட்டார் யுகத்தைத் தொடங்கிவைத்த பெருமையையும் அதன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பிரயாணத்தில் நடந்தவற்றைக் கேளுங்கள். வழியில் எரிபொருள் தீர்ந்துபோயிற்று. பெட்ரோல் கடை என்று உலகத்தில் ஒன்றும் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரர் ஒருவர், கறை போக்குவதற்காக விற்கும் திரவத்தை எடுத்துக் கொடுத்தார். சங்கிலி பழுதாயிற்று; கொல்லர் ஒருவர் சரிப்படுத்திக் கொடுத்தார். தடைக்கட்டை தேய்ந்துபோயிற்று; செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் அதற்குத் தோல் வைத்துத் தைத்தார். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மருந்துக்கடை, கொல்லுலை, தோல்பட்டறை என்று மூன்று வாசல்களில் நின்று கேட்டுப் பெற்ற பிறகுதான் முதல் மோட்டார் தன் ஊர் போய்ச் சேர்ந்தது. உதவி செய்த மூவரில் ஒருவருக்காவது மோட்டார் என்றால் இன்னதென்று அன்றைக்கு முன் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிற்பாடு என்ன ஆயிற்று? பெட்ரோல் பங்குகள் வந்தன. பட்டறைகள் வந்தன. ஐந்து நிமிஷத்தில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, பணத்தை எறிந்துவிட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்நூறு கிலோமீட்டர் போகலாம் என்ற சௌகரியம் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றைத் திருப்பிவிட்டால், வழியிலுள்ள ஊர்களெல்லாம் பெயர்ப் பலகைகளாக மட்டுமே மிஞ்சுகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு மோட்டாரில் போய் வந்தவரிடம் "வழியில் யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "சுங்கச் சாவடியில் ஒருவன் இருந்தான்" என்று சொல்வார். இப்பொழுது சுங்கத்தையும் கண்ணாடியில் ஒட்டிய சீட்டே கட்டிவிடுகிறதாகையால் அந்த ஒருவனும் இல்லாமற் போனான். இது சௌகரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு கிலோமீட்டரில் மூன்று பேரைச் சிநேகம் பிடித்துக்கொண்ட பெர்த்தா அம்மையாரின் பிரயாணத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

மின்சார மூன்று சக்கர வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள் இன்றைக்கு அந்த அம்மையாரின் நிலைமையில் இருக்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், சுலபமான கணக்குத்தான்.

இப்போது நம் தெருக்களில் ஓடும் மின்சார ஆட்டோவின் பாட்டரி ஏழெட்டு யூனிட் மின்சாரம் கொள்ளும். அதைக் கொண்டு நூறு கிலோமீட்டரோ, சற்று அதிகமோ ஓடலாம். கால்மிதியோடு மோட்டாரும் சேர்ந்து உதவும் மூன்று சக்கரச் சைக்கிளுக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரையில் போதும். அதில் அறுபது, எண்பது கிலோமீட்டர் போகலாம். சூரிய ஒளித் தகடு வைத்துக்கொண்டால் வெளியார் தயவு வேண்டாமே என்பீர்கள். ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் நல்ல வெயிலில் விழும் சக்தி சுமார் 1,000 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஆட்டோவின் கூரையில் மூன்று சதுர மீட்டர் பரப்பினால் 600 வாட். நல்ல வெயில் ஐந்து மணி நேரம் காய்ந்தால் மூன்று யூனிட். அதாவது நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். மழை வந்தால் அதுவும் இல்லை. எனவே, வேகமாய்ப் போக வேண்டுமானாலும், வானம் மூடிக்கொண்டாலும், யார் வீட்டுச் சுவரிலாவது உள்ள பிளக்கை நாடித்தான் தீர வேண்டும்.

நாடிப் போனாலும் உடனே திரும்பிவிட முடியாது. வீட்டு மின்சாரத்தில் ஆட்டோவின் பாட்டரி நிறைய நாலு மணி நேரமாவது ஆகும். சைக்கிளுக்கும் ஏறக்குறைய அப்படியே. நாலு மணி நேரம் ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனிதனை யார்தான் பேசாமல் விட்டுவைப்பார்கள்? முதல் கால் மணி நேரம் குழந்தைகள் வண்டியைச் சுற்றி வருவார்கள். அரை மணியில் தாத்தா வந்து, "எந்த ஊர்?" என்று கேட்பார். ஒரு மணியில் காப்பி வரும். இரண்டு மணியில் அந்த வீட்டுப் பையன் வெளியூரில் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்பது வரையில் தெரிந்துபோகும். மூன்றாவது மணியில், "சாப்பிட்டுவிட்டுப் போகலாமே!" என்ற குரல் உள்ளேயிருந்து வரும். இத்தனைக்கும் மின்சாரத்தின் விலை என்ன? யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வைத்துக்கொண்டால் ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். சைக்கிளுக்கு ஒரு டம்ளர் காப்பி விலைகூட ஆகாது. ஆகவே அந்த வீட்டார் கொடுக்கும் பெரிய பொருள் மின்சாரமன்று. வாசலைத் திறந்துவிடுகிறார்களே, அதுதான்.

இந்தக் கணக்கை ஒரு நாள் வகுப்பில் பையன்களுக்குக் கொடுத்தேன். "திருச்சியிலிருந்து டில்லிக்கு மின்சார மூன்று சக்கர வண்டியில் போனால் எத்தனை தடவை மின்சாரம் ஏற்ற வேண்டும்?" என்பது கேள்வி. பெரும்பாலோர் சரியாகவே விடை போட்டார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் எழுந்து, "விடை இருபத்தைந்து, ஸார். ஆனால் இருபத்தைந்து வீட்டிலும் கேட்டால் கொடுப்பார்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முன்பின் தெரியாதவர்களோடு பேசாதே, கொடுத்தால் வாங்காதே, கேட்டால் சொல்லாதே" என்று இந்தத் தலைமுறைக்கு நாம் காலையும் மாலையும் போதித்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளின் க்ஷேமத்துக்காகவே அப்படிச் சொல்கிறோம், அது அவசியமுங்கூட. ஆனால் அந்தப் போதனையிலேயே வளர்ந்து பெரியவனாகிறவன், உலகம் முழுவதும் திருடர்கள் நிறைந்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டால் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

பையனுக்கு நான் பதிலாகச் சொன்னவை சில மனிதர்களின் அனுபவங்கள்.

சுவிட்சர்லாந்து தேசத்தில் லூயி பாமர் என்று ஒருவர். அவரும் பள்ளிக்கூட வாத்தியார். (இந்த இடத்தில் பையன்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.) 2007-ம் வருஷம் ஜூலை மாதத்தில், சூரிய ஒளித் தகடுகளைச் சுமந்த வண்டி ஒன்றைப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு, சிறிய மின்சாரக் காரில் லூஸெர்ன் நகரத்திலிருந்து புறப்பட்டார். 2008-ம் வருஷம் டிசம்பரில், சுமார் 54,000 கிலோமீட்டர் உலகத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். ஏறத்தாழ நாற்பது தேசங்கள். தம் வண்டிக்கு "சோலார் டாக்ஸி" என்று பெயர் வைத்தார். டாக்ஸி என்றால் கூலிக்கு ஓட்டுவதன்று. வழியில் ஆசைப்பட்டவர்களை ஏற்றிக்கொள்வதற்காக அந்தப் பெயர். அவர் வண்டியில் ஏறியவர்களுக்குள் ஐக்கிய நாடுகள் சபையின் அப்போதைய பொதுச் செயலாளர் பான் கி மூனும் ஒருவர். நியூயார்க் நகரத்தில் அதில் ஏறிக் காரியாலயம் போனார். வழிப்போக்கன் கேட்பவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, கொடுப்பவனாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்த வாத்தியார் ஓர் உதாரணம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் "டிரெவ்" என்ற மின்சார வண்டியை உருவாக்கினார்கள். மூன்றே சக்கரம், ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். 2010-ம் வருஷம் ஆகஸ்டில் ஜினீவாவிலிருந்து புறப்பட்ட மின்சார வண்டிகளின் உலகப் பந்தயத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. ருஷ்யா, கஜக்ஸ்தான், சீனா வழியாகப் போய்க் கப்பலேறி, அமெரிக்கக் கண்டத்தையும் கடந்து, 2011 பிப்ரவரியில் மறுபடி ஜினீவா வந்து சேர்ந்தது. 25,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். ருஷ்யாவின் பெருவெளிகளில் மின்சாரக் கார்களுக்கென்று நிலையங்கள் அந்தக் காலத்தில் ஏது? உள்ளூர் மனிதர்களின் தயவும் உள்ளூர் மின்சாரமுமே வழித்துணை.

இரானையும் துருக்கியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் அந்தத் தேசங்களின் பெயர் அடிபடும்போது யுத்தம், தடை, கலகம் என்றே நாம் படிக்கிறோம். சாலை வழியாய்ப் போனவர்கள் எழுதுவதைப் படித்தாலோ வேறு விதமாக இருக்கிறது. டீயும் ரொட்டியும் பழமும் வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்கிறார்களாம். துருக்கியர்கள், சொல்லாமல் வந்து கதவைத் தட்டும் அந்நியனைக் "கடவுளின் விருந்தாளி" என்று பொருள்படும் ஒரு சொல்லால் அழைக்கிறார்கள். நம் தேசத்தில் "அதிதி" என்று சொல்கிறோம். திதி குறிப்பிடாமல் வருகிறவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தமிழில் "விருந்து" என்ற சொல்லுக்கு ஆதியில் புதுமை என்றே அர்த்தம். நமக்குத் தெரிந்த மாமாவும் சித்தப்பாவும் வந்து உண்டால் அது பழைய உறவு. புதிதாக வந்தவன் உண்டால்தான் விருந்து. இக்காலத்தில் கல்யாணப் பத்திரிகை வைத்து அழைத்தவர்களுக்கு மட்டும் போடுகிற சாப்பாட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம்!

"எல்லாம் சரி, அந்த ரபெல்லி என்பவரிடம் யாரோ திருடிவிட்டார்களாமே?" என்று விவரம் தெரிந்த வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவம். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் பாரிஸுக்கு அருகே அவருடைய பாஸ்போர்ட்டும் பணப்பையும் களவு போயின. அவசரப் பாஸ்போர்ட் பெற்றுக்கொண்டு, உத்தேசித்ததற்கு ஐந்து நாள் தாமதமாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அந்தத் திருட்டு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அலமாரியில் ரொட்டி வைத்தவர்களின் பெயரை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. போடவும் முடியாது, அத்தனை பேர்! திருடன் ஒருவன் என்பதனால்தான் அவன் செய்தியாகிறான். நல்லவர்கள் செய்தியாகும் அளவுக்கு அபூர்வமாகும் நாள் வந்தால் அப்போது பயப்படலாம்.

இதனால் ஜாக்கிரதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஒரே பையில் வைத்துக்கொள்வது எந்த யுகத்திலும் உசிதமன்று. இருட்டிய பிறகு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதும் சரியல்ல. ஸ்திரீகள் தனியே பிரயாணம் செய்யும்போது ஆண்களைக் காட்டிலும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது நம் தேசத்துக்கும் பிற தேசங்களுக்கும் பொதுவான வெட்கக்கேடு. பகலிலேயே தங்கும் இடத்தைத் தேடிக்கொள்வது, நாலு பேர் நடமாடும் கடைவீதியிலோ, குடும்பத்தார் உள்ள வீட்டிலோ கேட்பது, எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டாருக்குத் தெரிவித்துக்கொண்டிருப்பது ஆகியவை நல்ல வழக்கங்கள். ஆனால் ஜாக்கிரதை என்பது குடை மாதிரி. மழைக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை வரலாம் என்று வருஷம் முழுவதும் குடைக்குள்ளேயே குடியிருக்க முடியுமா?

வழிப்போக்கர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? தமிழ்நாட்டுச் சாலைகளிலும் மின்சார வண்டிகள் பெருகிக்கொண்டிருக்கிற படியால் இது வெறும் கற்பனையல்ல.

முதலாவதாக, சைக்கிள் பாட்டரிக்குச் சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக் போதும். ஆட்டோவாயிருந்தால் பதினைந்து ஆம்பியர் பெரிய பிளக்தான் வேண்டும். அதற்கு "எர்த்" இணைப்பு சரியாக இருக்க வேண்டும். மெல்லிய ஒயரை நாலு முடிச்சுப் போட்டுக் கூடத்திலிருந்து தெருவுக்கு இழுக்கக்கூடாது; நேரம் போகப் போக அது சூடேறி உருகிவிடும். இரண்டாவதாக, பாட்டரியை நல்ல காற்றோட்டமான இடத்தில், நிழலில், துணி, காகிதம் முதலியவை இல்லாத மூலையில் வைத்து ஏற்ற வேண்டும். வெளியே போகும் வழியை அடைத்துக்கொண்டு வைக்கக்கூடாது. எல்லாரும் தூங்கும்போது ஏற்றக்கூடாது. அடிபட்டோ உப்பியோ இருக்கும் பாட்டரிக்கு மின்சாரமே ஏற்றக்கூடாது. இவ்வளவு தெரிந்துகொண்டால் பயமில்லை.

வருகிறவருக்கும் தர்மம் உண்டு. கேட்டுவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். "முடியாது" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, என்ன கஷ்டமோ! மின்சாரத்துக்குப் பணம் கொடுக்க முன்வர வேண்டும்; வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. குழந்தைகளை வண்டியில் ஏற்றித் தெருக்கோடி வரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

இவையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? நெடுஞ்சாலைகளில் மின்சாரம் ஏற்றும் நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பாட்டரிகளின் கொள்ளளவும் கூடிக்கொண்டே போகிறது. கூடிய சீக்கிரத்தில் யாரையும் கேட்காமலே கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரத்துக்கு மின்சார வண்டியில் போய்விடலாம். அது மிகவும் நல்லது; புகையும் இரைச்சலும் குறைய வேண்டுமானால் அப்படித்தான் ஆக வேண்டும். ஆனால் மருந்துக் கடைக்காரரும் கொல்லரும் தோல் தைப்பவரும் பெட்ரோல் மோட்டாரின் வழியிலிருந்து மறைந்துபோனது போல, இந்த வாசல்களும் அப்போது மறைந்துபோகும். கட்டாயத்தினால் ஏற்பட்ட சிநேகம் கட்டாயம் நீங்கியதும் போய்விடுவது இயல்பு. போகக்கூடாது என்று நினைத்தால் நாமாக ஏதாவது செய்து அதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் பெரியவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே போட்டு, சுமைதாங்கி என்று பெயர் வைத்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவன், பிறர் கை உதவியில்லாமலே அதில் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறலாம். யார் வருவார், எந்த ஊர், என்ன குலம் என்று அந்தக் கல் கேட்கவில்லை. கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். வீடு கட்டினால் தெருவைப் பார்த்துத் திண்ணை வைத்துக் கட்டினார்கள், இரவில் யாராவது வந்து படுத்துக்கொண்டால் காலையில் "யார் ஐயா?" என்று விசாரித்தார்கள். அந்தத் திண்ணைகளை இடித்துவிட்டு இப்போது வாசலில் காமிராவை வைத்திருக்கிறோம். அதுவும் வருகிறவனைப் பார்க்கத்தான் செய்கிறது, "யார் ஐயா?" என்று கேட்பதில்லை.

திண்ணையை மறுபடி கட்டுங்கள் என்று சொன்னால் நடக்கிற காரியமல்ல. மனைக்கட்டு விற்கும் விலையில் அரை அடியையும் யாரும் விடமாட்டார்கள். வேறொரு சிறிய யோசனை சொல்கிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்களும், வெள்ளையடித்துப் பழுது பார்க்கிறவர்களும், வாசற்படிக்குப் பக்கத்தில், மழை படாத இடத்தில், மூடியுள்ள பெரிய பிளக் ஒன்றை வைத்துவிடுங்கள். அதற்குரிய சுவிட்சு வீட்டுக்குள்ளே இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால், உள்ளே போய் அதைத் தட்டிவிட்டு, வெளியே வந்து ஒரு நாற்காலியையும் போடுங்கள். இந்தக் காலத்துச் சுமைதாங்கிக் கல் அதுதான்.

பிறருக்கு உபதேசம் செய்கிறவன் முதலில் தான் செய்ய வேண்டுமல்லவா? என் வீட்டு வாசலிலும் ஒன்று வைக்கச் சொல்லிவிட்டேன். எலெக்ட்ரீஷியன் வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொல்வது இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.